பவுனுக்கு அண்ணன் போட்ட பூட்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதாக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள், ஏனென்றால் வேறு யாராவது என்னிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் நானும் முகத்துக்கு நேராகச் சிரித்திருப்பேன். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ், நெகட்டிவ் என்றால் நெகட்டிவ், நடுவில் இன்னொன்று எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், பூசை பார்ப்பேன், வந்து மீன் குழம்பு வைப்பேன், அதற்கு மேல் ஆவி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையாம்மா" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். மந்திரித்த கயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம், "கயிறு சுகரைக் குறைச்சிருக்கான்னு பாத்துடலாம், கைய நீட்டுங்க" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் மனதை நோகடித்திருக்கிறேனோ, கணக்கில்லை. அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சகாயத்துக்குப் பிழைப்பு குதிரை. தேவனாம்பட்டினம் போகிற வழியில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கொட்டகை. அதில் சுல்தான் என்று ஒரு வெள்ளைக் குதிரை, பவுனு என்று பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை. ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று, முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்பு. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருவார்கள்.

குதிரைகளை வளர்த்ததெல்லாம் என் அண்ணன் அந்தோணி. என்னைவிட மூன்று வயது மூத்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கேட்டால் "வீட்ல ஒருத்தி கத்துறா, கொட்டகையில ஒருத்தி ஒதைக்கிறா, இன்னொருத்தி வேற எதுக்கு" என்பான். கொட்டகையை ஒட்டி ஓர் அறை, அதுதான் அவனுடைய வீடு.

சின்ன வயதிலிருந்தே என்னைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. வெளியே கிளம்பும்போது நாமெல்லாம் "வரேன்" என்றுதானே சொல்வோம், "போறேன்" என்று தப்பித் தவறி வந்துவிட்டால் எங்கள் அம்மா கரண்டியோடு ஓடிவருவாள், அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் திரும்ப வரமாட்டார்களாம். எங்கள் வேதத்தில் இதெல்லாம் இல்லை, ஆனால் நாக்கில் இருக்கிறதே. இவன் என்னை அழ வைப்பதற்காகவே பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஸ்டெல்லா, போறேன்" என்பான். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "போறேன்னு சொல்லாத, வரேன்னு சொல்லு" என்று அழுவேன். கொஞ்ச நேரம் கெஞ்ச விட்டுவிட்டு, "சரி, வரேன்" என்பான். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

சுல்தான் களவு போனது சிதம்பரத்தில். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, இரண்டு குதிரைகளையும் மண்டபத்தின் பின்பக்கம் மரத்தில் கட்டிவிட்டு, அண்ணனும் இவரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாயசம் வருவதற்குள் சுல்தானைக் காணவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வந்து, "தண்ணி காட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு துண்டு வெல்லத்தை நீட்டினானாம், கயிற்றைப் பிடித்தானாம், சுல்தான் கூடவே நடந்து போய்விட்டதாம். "கட்டி இழுத்தா நான் சத்தம் போட்டிருப்பேன் சார். அது பாட்டுக்கு அவன் பின்னாலயே போச்சு" என்று அந்தச் சமையல்காரர் அழுதிருக்கிறார். அந்தியூர் குதிரைச் சந்தை வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தான் அண்ணன், எங்கும் இல்லை. வந்த அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"நல்ல புள்ளையா வளத்தேன் ஸ்டெல்லா. யாரு கூப்ட்டாலும் போற மாதிரி வளத்தேன். அதான் நான் பண்ண தப்பு."

அந்தத் தப்பை அவன் பவுனிடம் செய்யவில்லை. மூன்று மாதம், வேறு வேலையே பார்க்காமல் அவளைப் பழக்கினான். தேவனாம்பட்டினத்துப் பையன்களைக் கூப்பிட்டு, "வெல்லம் குடு, கயித்தப் புடிச்சி இழு, என்னா வேணா பண்ணு" என்பான். பவுனு ஓர் அடி எடுத்து வைத்தால் திட்டு, நின்ற இடத்தில் நின்றால் கொள்ளு. பிறகு இவன் போவான், அவளுடைய இடது பக்கமாக நின்றுகொண்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு, காதில் ஏதோ ஒரு சொல் சொல்வான். உடனே பவுனு அவனோடு நடப்பாள். அந்தச் சொல் கேட்காமல் கொட்டகை வாசலைத் தாண்ட மாட்டாள். எட்டு ஆள் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள், நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அசையவே இல்லை.

"என்னா சொல்ற மச்சான் அது காதுல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சொன்னா அது பூட்டே இல்ல மச்சான். உனக்குத் தெரிஞ்சா நீ ஒரு நாள் எவன் முன்னாடியாவது சொல்லிடுவ. தெருவுல போறவன், வர்றவன், திருடன், எவன் வாயிலயும் வராத சொல்லு அது. நீ நூறு வருசம் யோசிச்சாலும் கெடைக்காது."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தக் குதிரைய வச்சிக்கிட்டு நாங்க என்னா பண்றது?" என்று கேட்டேன்.

"நானே வந்து சொல்லிட்டுப் போறேன், போதுமா?" என்றான்.

"வாயக் கழுவு மொதல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டுகிற இடத்திலிருந்து பவுனுக்குத் தின்னக் கொழுந்தாடை, அதான் கரும்பின் நுனித் தோகை, வாங்கி வரப் புறப்பட்டான். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அடுப்பில் வேறு பால் பொங்கிக்கொண்டிருந்தது. "வரேன் ஸ்டெல்லா" என்று வெளியிலிருந்து கத்தினான். சீண்டவில்லை, ஒழுங்காகத்தான் சொன்னான். நான் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. வழியிலேயே நெஞ்சு வலி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே உட்கார்ந்து, அப்படியே போய்விட்டான். என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவனுடைய ரத்தத்தை நான் பரிசோதிக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போனது.

அடக்கம் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ள மாட்டார்களே. "வரேன்" என்று வாயைத் திறந்தால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று அர்த்தமாகிவிடும், அதனால் வந்த சனம் அத்தனையும் செருப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் போனது. வீடு காலியாவதே தெரியாமல் காலியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பவுனு அன்றிலிருந்து கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே சுற்றி வருவாள், தின்பாள், படுப்பாள், வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவாள். என் வீட்டுக்காரர் தினமும் அவள் காதருகே நின்றுகொண்டு சொல் தேடினார். மாதாவே என்றார், அந்தோணியாரே என்றார், எங்கள் அம்மா பெயர், அப்பா பெயர், அண்ணன் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர், அவனுக்குப் பிடித்த கருவாட்டின் பெயர் வரை சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் கெட்ட வார்த்தையாகக்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார், நான் கேட்டுவிட்டேன். எதற்கும் அவள் காது அசையவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, ஏக்கம் என்றார். இவர் அவளை விற்கவும் மாட்டேன் என்றார், வேறு குதிரை வாங்கவும் மாட்டேன் என்றார். மச்சான் விட்டுவிட்டுப் போன உயிர், அது இருக்கிற வரைக்கும் நான் இருக்கிறேன் என்று ஒரே பிடிவாதம்.

நடுவில் ஒரு நாள் விடியற்காலை பார்த்தால் கொட்டகைத் தாழ்ப்பாள் நெம்பிக் கிடக்கிறது, கயிறு அறுந்து கிடக்கிறது, தரையில் வெல்லக் கட்டி, சேற்றில் மூன்று நான்கு பேருடைய கால் தடம். இழுத்த இழுப்பில் பவுனின் குளம்பு தரையை உழுதிருந்தது. அவள் மட்டும் வாசலுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் போட்ட பூட்டு வேலை செய்கிறதே என்று பெருமையாகவும் இருந்தது, இனி இவளை எப்படி வெளியே கொண்டுவருவது என்று கவலையாகவும் இருந்தது. அவன் திருடனுக்குப் போட்ட பூட்டு, சாவி அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது.

இனிமேல்தான் நீங்கள் நம்புவதும் நம்பாததும்.

கார்த்திகையில் விடாத மழை. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றோரம் இருக்கிறவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று காலையிலிருந்தே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனார்கள். மழை லீவுக்கு விடுதியிலிருந்து வந்திருந்த என் மகள் நிர்மலாவை அவளுடைய அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நானும் இவரும் பவுனோடு இருந்தோம். பேய் வருகிற நேரம் என்று ஏதோ ஒன்று சொல்வார்களே, அதெல்லாம் இல்லை, பகல் நாலு மணி. மத்தியானம் கணுக்காலுக்கு இருந்த தண்ணீர் நாலு மணிக்கு என் இடுப்புக்கு வந்துவிட்டது, பவுனுக்கு வயிற்றைத் தொட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டோம், கதவைக் கழற்றியே எறிந்துவிட்டோம். அவள் வாசலில் வந்து நின்றாள், நடுங்கினாள், கண் வெள்ளை தெரிய வெளியே பார்த்தாள், தாண்டவில்லை. இவர் முன்னால் நின்று இழுக்கிறார், நான் வலது பக்கம் நின்று விலாவில் அடிக்கிறேன். என் கை வலித்ததுதான் மிச்சம்.

வேறு ஊரிலிருந்து ஆள் ஏற்ற வந்த ஒரு பைபர் படகு எங்கள் சந்துக்குள் வந்தது. "ஏறுங்கக்கா, இன்னும் பத்து நிமிசத்துல இங்க நிக்க முடியாது" என்று அந்தப் படகுக்காரர் கத்தினார்.

இவர் கேட்கவில்லை. பவுனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ போ ஸ்டெல்லா. மச்சான் இத என்ன நம்பி வுட்டுட்டுப் போயிருக்காரு. நான் வுட்டுட்டு வரமாட்டேன்" என்றார். முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை, அங்கேயே நிற்கப் போகிறார் என்று தெரிந்தது. தண்ணீர் எனக்கு நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணனும் போய், இவரும் போய், நான் என் பெண்ணிடம் போய் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பயம் வரவில்லை, செத்துப்போனவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நான் கத்தினேன்.

"அண்ணா, வந்து சொல்றேன்னியே! எங்கடா போன? வந்து சொல்லுடா!"

ஜென்மத்தில் அவனை நான் டா போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

பவுனின் இரண்டு காதும் இடது பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் சுவரும் தண்ணீரும்தான், ஆள் இல்லை. தகரத்தில் மழை அடிக்கிற அடியில் நாலடி தள்ளி நிற்கிற இவர் பேசுவதே எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் இது கேட்டது. கத்திச் சொன்னதில்லை, வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்வது போல, சாதாரணமாக, அவனுடைய குரல்.

"போறேன்."

பவுனு முன்னங்காலைத் தூக்கினாள்.

நான் செய்ததை இப்போது சொல்கிறேன். வேறு யாராக இருந்தாலும் பேசாமல் இருந்திருப்பார்கள், இல்லை மயங்கி விழுந்திருப்பார்கள். எனக்கு யோசனையே இல்லை. நாற்பது வருடப் பழக்கம், அவன் அந்தச் சொல்லைச் சொன்னால் என் வாய் தானாகத் திறக்கும்.

"போறேன்னு சொல்லாதண்ணா, வரேன்னு சொல்லு!"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சு இருக்கலாம். பிறகு, கெஞ்ச விட்டுவிட்டுச் சொல்வானே, அதே இழுப்போடு வந்தது.

"சரி. வரேன்."

பவுனு வாசலைத் தாண்டினாள். யாரும் இழுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் அவள் நிதானமாக நடந்தாள், வலது பக்கம் அவள் பிடரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டே போனோம். அவளுடைய இடது பக்கம், அண்ணன் எப்போதும் நடக்கிற இடத்தில், தண்ணீர் பிளந்துகொண்டே வந்தது. குதிரையின் நெஞ்சு பட்டு ஒரு பிளவு, அதற்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் குறுகலாக, இன்னொரு பிளவு. நான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், மறுபடியும் பார்த்தேன். படகுக்காரர் எங்களுக்கு இணையாக வந்துகொண்டே, "அந்தப் பக்கம் வர்ற அண்ணனையும் ஏறிக்கச் சொல்லுங்க, படகுல எடம் இருக்கு" என்றார். நாங்கள் பிடரியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். ரோட்டு மேட்டில் ஏறியதும் அந்த இரண்டாவது பிளவு தண்ணீரோடு நின்றுவிட்டது.

மூன்று நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம், பவுனை வெளியே கொடிக்கம்பத்தில் கட்டியிருந்தோம். இவரிடம் கேட்டேன், உங்களுக்கு என்ன கேட்டது என்று. "நீ கத்துனது கேட்டுச்சு. வரேன்னு சொல்லுன்னு யார்கிட்டயோ கத்துன. அப்புறம் பவுனு நடந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எவன் வாயிலும் வராத சொல் என்றானே, சரிதானே. குதிரையை ஓட்டிக்கொண்டு போகிறவன் வா என்பான், நட என்பான், திருடனாகவே இருந்தாலும் தமிழ்நாட்டில் பிறந்தவன் கிளம்புகிற நேரத்தில் "போறேன்" என்று சொல்ல மாட்டான். "நானே வந்து சொல்லிட்டுப் போறேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான், நான் வாயைக் கழுவச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குத் திரும்புகிற அன்றைக்குப் பவுனின் இடது பக்கம் போய் நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "போறேன்" என்றேன்.

அவள் அசையவில்லை. திரும்பச் சொன்னேன். அண்ணன் மாதிரி சொல்லிப் பார்த்தேன், மெதுவாக, சத்தமாக, இருபது முறையாவது சொல்லியிருப்பேன். ஒன்றுமில்லை. அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. லேப்காரி இல்லையா, சோதனை செய்தாயிற்று, நெகட்டிவ். தண்ணீர் நெஞ்சுக்கு வந்த பயத்தில் குதிரையும் நடந்தது, பயத்தில் எனக்கும் காதில் ஏதோ கேட்டது, படகுக்காரருக்கு மழையில் கண் தெரியவில்லை. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இவர் கொட்டகையில் சேறு எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "சரி ஸ்டெல்லா, வரேன்" என்றார்.

பவுனு காலை எடுத்து வைத்தாள். கயிறு இழுக்கும் வரை நடந்தாள், அதற்கு மேல் போக முடியாமல் நின்று கழுத்தை நீட்டினாள். இவர் திகைத்துப்போய்த் திரும்பவும் "வரேன்" என்றார், மறுபடியும் கயிற்றை இழுத்தாள். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் இதே மனுசன் இதே குதிரைக்குப் பக்கத்தில் நின்று ஆயிரம் முறை என்னிடம் "வரேன்" சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அவள் காதுகூட ஆடியதில்லை. அன்றைக்கு அவிழ்த்துவிட்டதும் எங்களோடு வீடு வரைக்கும் வந்தாள். சாலையின் வலது ஓரத்தை ஒட்டி, இடது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு.

பூட்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றச் சொன்னது நான்தான். அவன் சொல்லிவிட்டுப் போவதற்காக வந்தான், போறேன் என்று சொல்லியும் ஆயிற்று. செத்தவனிடம் போய் "வரேன்னு சொல்லு" என்று வாங்கிக்கொண்டவள் நான்.

திருடர் பயம் இப்போது இல்லை, களவு செய்ய வருகிறவன் வரேன் என்று சொல்லிவிட்டா ஓட்டிக்கொண்டு போவான்? கல்யாணங்களுக்கும் பவுனு போகிறாள், கிளம்பும்போது இவர்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறார், நான் அந்த நேரத்தில் அடுப்படியில் இருந்துகொள்வேன். எனக்கு இருக்கிற பயம் வேறு.

நிர்மலா சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை காலை போவாள். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவள், வாசலில் நின்று ஒரு சத்தம், "வரேன்மா!" நான் ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினேன், அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள். இருக்காது, அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு திரும்பிக் கொட்டகையைப் பார்த்தேன். வெள்ளத்துக்குப் பிறகு புதிதாக மாட்டிய கதவு திறந்திருந்தது. கயிறு அறுபடவில்லை, முளையில் இருந்த முடிச்சை யாரோ ஒழுங்காக அவிழ்த்திருந்தார்கள். போன் அடித்தது.

"அம்மா, பவுனு பஸ் ஸ்டாப் வரைக்கும் எம் பின்னாடியே வந்துடுச்சும்மா. அப்பா எங்க? கூட யாரும் இல்ல."

"ஒண்ணும் பண்ணாது. நீ பஸ்ஸுல ஏறு" என்றேன்.

"அது இல்லம்மா." அவள் குரல் இறங்கிவிட்டது. "கயிறு கீழ தொங்கலம்மா."

என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கழுத்துலேருந்து நேரா நிக்குதும்மா. இடுப்பு ஒசரத்துல. யாரோ புடிச்சிகிட்டு இருக்குற மாதிரி."

இவர் போய்த்தான் பவுனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் போன நேரத்தில் கயிறு தரையில்தான் கிடந்ததாம்.

அண்ணன் என் பெண்ணுக்குக் கெடுதல் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன், செய்ய மாட்டான். ஆனால் வந்தது அவன் மட்டும்தானா, வரேன் என்று சொன்ன பிறகு ஒவ்வொரு முறையும் வருவது அவன்தானா என்று என்னால் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால், கல்யாணத்துக்குப் பவுனைக் கிளப்ப இவர் சொல்வதைத் தவிர, எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். வேலைக்குப் போகும்போது நான் சொல்வதில்லை, கடைக்குப் போகும்போது இவர் சொல்வதில்லை. விருந்தாளிகள் வந்து எழுந்துகொண்டால் அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், மரியாதை தெரியாதவள் என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

இந்தத் திங்கட்கிழமையும் நிர்மலா பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவள் நெற்றியில் சிலுவை போட்டேன். கொட்டகைப் பக்கம் பவுனு இடது காதை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றாள். நிர்மலா செருப்பை மாட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல், துக்க வீட்டிலிருந்து போகிறவளைப் போலப் போனாள்.